நடக்க சிரமப்படுறவங்க இருக்கிற வீடு: ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் என்ன மாத்தணும், எப்படி மாத்தணும்

எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை கால் விழுந்துபோய், மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். பெட்ரூம் வாசல்ல வீல்சேர் நின்னுடுச்சு. சேரோட அகலம் 26 இன்ச், கதவைத் திறந்தா கிடைக்கிற வழி 25 இன்ச். ஒரே ஒரு இன்ச். முந்தின நாளே டேப் எடுத்து அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும், யாருக்கும் தோணல. ரெண்டு பேர் அப்பாவை தூக்கிட்டுப் போய் கட்டில்ல படுக்க வச்சோம். அதுக்கப்புறம் நாலு நாள் அவர் ஹாலுக்கு வரணும்னு ஒரு வார்த்தை கேக்கல, டிவி கூட வேணாம்னுட்டார், மறுபடியும் ரெண்டு பேர் தூக்கணுமேங்கிற சங்கடம் தான்னு எங்களுக்கு புரியவே கொஞ்ச நாள் ஆச்சு.

வீட்டுல ஒருத்தருக்கு நடக்க முடியாம போச்சுன்னா எல்லாரும் முதல்ல பாத்ரூமையும் கட்டிலையும் தான் பாப்பாங்க. அது கண்டிப்பா வேணும். ஆனா அதோட நிறுத்திட்டா அவங்க ஒரு ரூமுக்குள்ளயே அடைஞ்சு போயிடுவாங்க. பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் நடக்கிறது ஹால்ல. அங்க அவங்க தானா வந்து, போதும்னு தோணும்போது தானா கிளம்பிப் போகணும். எந்த மாற்றம் பண்ணாலும் நான் இதை வச்சு தான் பாக்குறேன், இதைப் பண்ணா அவர் யாரையும் கூப்பிடாம ஒரு வேலையை செஞ்சுக்க முடியுமா, முடியாதா.

முதல் வேலை, எதையும் வாங்காதீங்க, எதையும் இடிக்காதீங்க. ஒரு முழு நாள் அவங்க கூடவே இருந்து பாருங்க. காலைல கட்டில்ல இருந்து டாய்லெட், அங்கிருந்து ஹால், சாப்பிடற இடம், மறுபடி டாய்லெட், மத்தியானம் படுக்கை, ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை டாய்லெட். இந்த வழில எங்க நிக்கிறாங்க, எங்க மூச்சு வாங்குது, எங்க கையை எதுல ஊன்றாங்கன்னு குறிச்சுக்கோங்க. கொஞ்சமாவது நடக்கிறவங்களா இருந்தா சுவத்தைப் பாருங்க, ஒரே உயரத்துல ஒரு இடத்துல மட்டும் கை அழுக்கு படிஞ்சு மங்கலா இருக்கும். கைப்பிடி அடிக்க வேண்டிய இடம் அதுதான். அதே மாதிரி நாற்காலி முதுகு, மேஜை ஓரம், அலமாரி விளிம்புன்னு ஒண்ணு ஒண்ணா பிடிச்சுட்டு தான் பல பேர் வீட்டுக்குள்ள நடக்கிறாங்க. இடம் விசாலமாகட்டும்னு நல்ல எண்ணத்துல அதை எல்லாம் தூக்கிட்டீங்கன்னா பிடிக்க ஒண்ணும் இல்லாம நடு ஹால்ல நிப்பாங்க. எடுக்கணும்னா அந்த இடத்துல கைப்பிடி வந்த பிறகு எடுங்க. பிடிக்கிற சாமான் லேசானதா இருந்தாலோ, சக்கரம் வச்சதா இருந்தாலோ தான் உடனே மாத்தணும், அது கூடவே உருண்டு வந்துடும்.

இன்னொண்ணு, நீங்களே அந்த வீல்சேர்ல ஒரு மணி நேரம் உக்காந்து வீடு பூரா சுத்துங்க. காலை ஊனக்கூடாது. எந்த ஸ்விட்ச் எட்டல, எந்த மூலைல விரல் மூட்டு சுவத்துல உரசி தோல் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ அளவு. சாக்பீஸ், ரெண்டரை அடி கயிறு எடுத்துக்கோங்க. கயிறோட ஒரு முனையை தரையில அழுத்திப் பிடிச்சு இன்னொரு முனைல சாக்பீஸ் கட்டி ஒரு வட்டம் போடுங்க, குறுக்களவு 5 அடி வரும். வீல்சேர் ஒரு முழு சுத்து திரும்ப இவ்வளவு இடம் வேணும். ஹால்ல ஒரு வட்டம், கட்டில் பக்கத்துல ஒண்ணு, முடிஞ்சா பாத்ரூம்ல ஒண்ணு. வட்டத்துக்குள்ள எந்த சாமானோட கால் வருதோ அது நகரணும். கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் உள்ள போற மாதிரி அடியில காலியா இருக்கிற மேஜைன்னா கொஞ்சம் வட்டத்துக்குள்ள வந்தாலும் பரவால்ல. வட்டத்துக்கு எங்கேயுமே இடம் இல்லைன்னா 3 அடி அகலத்துல ரெண்டு வழி ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடமா பாருங்க, அங்க முன்ன பின்ன எடுத்து காரைத் திருப்பற மாதிரி திருப்பிக்கலாம். நடைவழிக்கு 3 அடி (36 இன்ச்) குறைஞ்சபட்சம்.

கதவுக்கு வருவோம், நாங்க அடிபட்ட இடம் அதுதான். கதவோட அகலத்தை அளக்காதீங்க, நிலையோட அகலத்தையும் அளக்காதீங்க. கதவை நேரா 90 டிகிரி திறந்து வச்சுட்டு, கதவு முகத்துல இருந்து எதிர் நிலைல கதவு வந்து முட்டுற விளிம்பு வரைக்கும் அளக்கணும், அதுதான் நிஜமான வழி. வழக்கமான பெரியவங்க வீல்சேர் 24ல இருந்து 27 இன்ச் வரும், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் கை விரலுக்கு இடம் வேணும். அதனால 32 இன்ச் வழி கட்டாயம், 36 இருந்தா நிம்மதி. நடைவழில இருந்து சட்டுனு திரும்பி நுழையற கதவா இருந்தா 32 கூட இறுக்கமா தான் இருக்கும், எதிர்ல நேரா வர்ற கதவுக்குத்தான் அது போதும்.

வழி குறையுதுன்னா உடனே சுவத்தை இடிக்க ஓடாதீங்க. கார்பென்டர்கிட்ட ஆஃப்செட் கீல் கேளுங்க, கதவு திறந்தா வழியை விட்டு முழுசா ஒதுங்கி நிக்கிற மாதிரி வளைஞ்ச கீல், கதவோட தடிமன் அளவுக்கு ஒன்றரை ரெண்டு இன்ச் கிடைச்சுடும். எங்களுக்கு அதுலயே வேலை முடிஞ்சுது, சிரமப்பட்டு தான் நுழையுது ஆனா நுழையுது. அதுவும் பத்தலைன்னா கதவையே கழட்டிட்டு திரை போடலாம், பெட்ரூமுக்கு பரவால்ல, பாத்ரூமுக்கு அவங்களைக் கேட்டுட்டு பண்ணுங்க. சுவத்து வெளிப்பக்கம் ஓடற ஸ்லைடிங் கதவும் நல்ல வழி. உருண்டைப் பிடி இருந்தா கழட்டிட்டு நீளமா அமுக்குற லீவர் பிடி போடுங்க, விரல் மடங்காதவங்க முழங்கையாலயே திறந்துக்குவாங்க. வாசல்ல மேடு இருந்தா அரை இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாது, அதுவும் ரெண்டு பக்கமும் சரிவா இருக்கணும். கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா வீல்சேரோட முன்னாடி சின்ன சக்கரம் அதுல முட்டுச்சுன்னா உக்காந்திருக்கிறவங்க முன்னாடி சாய்ஞ்சு விழற அளவுக்கு குலுக்கும்.

ஹால். இதைப் பத்தி தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு. சோஃபா, நாற்காலி எல்லாம் போட்டு முடிச்சுட்டு மிச்சம் இருக்கிற மூலைல வீல்சேரை நிறுத்துறது தான் எல்லா வீட்டுலயும் நடக்குது. டிவி சைடுல தெரியும், பேசறவங்க முதுகு தெரியும், யாராவது நடந்து போனா அவங்க சேரை நகர்த்தி வழி விடணும். அப்படி வேணாம். சோஃபா செட்டுல ஒரு நாற்காலியை எடுத்துடுங்க, அந்த இடம் வீல்சேருக்கு, மத்தவங்க முகம் பார்த்த மாதிரி. இரண்டரை அடி அகலம், நாலு அடி நீளம் காலியா இருக்கணும், அங்க யாரும் ஸ்டூல், பை, சார்ஜர் எதுவும் வைக்கக்கூடாது. பக்கத்துல கை எட்டற தூரத்துல ஒரு சின்ன மேஜை, கண்ணாடி, ரிமோட், தண்ணி, போன் அதுல. எது நல்லா வேலை செய்யற கையோ அந்தப் பக்கம். எங்க அப்பாவுக்கு வலது. ஒரு மாசம் நாங்க இடது பக்கம் வச்சிருந்தோம், அவரும் உடம்பை முறுக்கி முறுக்கி எடுத்துட்டு இருந்தார், கேக்கவும் இல்ல.

நடு டீபாய் வேணாம். கண்ணாடி டீபாய்னா இன்னைக்கே எடுத்துடுங்க.

வாக்கர், கைத்தடி வச்சு நடக்கிறவங்களுக்கு ஹால்ல பெரிய எதிரி சோஃபா தான். தாழ்வா, மெத்துன்னு, உள்வாங்கி இருக்கும். உக்காந்தா முட்டி இடுப்பை விட மேல வந்துடும், அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஆட்டி ஆட்டி எழுந்து பாப்பாங்க, திரும்ப உள்ளயே விழுவாங்க. உக்காரும்போது பாதம் முழுசா தரைல படியணும், இடுப்பு முட்டியோட சமமா, இல்லைன்னா கொஞ்சம் மேல இருக்கணும். ஆளோட உயரத்தைப் பொறுத்து 17ல இருந்து 19 இன்ச் சீட் உயரம் பெரும்பாலும் சரியா வரும். இடுப்பு மூட்டு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இது வெறும் வசதி இல்ல, தாழ்வா உக்காந்தா மூட்டு நழுவற ஆபத்து இருக்கு, டாக்டரே சொல்லியிருப்பார். கெட்டியான சீட்டு, அழுத்தி எழுந்திரிக்க ரெண்டு பக்கமும் கை, அந்தக் கை சீட்டோட முன் விளிம்பு வரைக்கும் நீளமா வரணும். புதுசு வாங்க வேண்டாம், இருக்கிற நாற்காலிக்கு கீழ மரக்கட்டை வச்சு உயர்த்தலாம், ஆனா கட்டைல நாற்காலி கால் உள்ள இறங்கி நிக்கற மாதிரி குழி வெட்டி இருக்கணும், சும்மா மேல வச்சா ஒரு நாள் சரிஞ்சுடும். மேல குஷன் அடுக்கி உயர்த்தாதீங்க, அது வழுக்கும், கைப்பிடியும் தாழ்ந்து போயிடும்.

எழுந்திரிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல சீட்டோட முன் விளிம்புக்கு நகர்ந்து வரணும், பாதத்தை பின்னாடி இழுத்து முட்டிக்கு அடியில வைக்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற அளவு முன்னாடி குனிஞ்சு, நாற்காலி கையை அழுத்தி எழணும். வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழவே கூடாது, அது இவங்க மேலயே கவிழும். நின்னு நிலை வந்ததுக்கப்புறம் தான் வாக்கர்ல கை.

தரை. மிதியடி, சின்ன கார்பெட் எல்லாம் சுருட்டி எடுத்துடுங்க, ஓரம் மடிஞ்சு கால் தட்டறது அதுல தான். வயர் எதுவும் வழியைக் குறுக்கே தாண்டக்கூடாது, சுவத்தோரமா கிளிப் அடிச்சு கொண்டு போங்க. பளபளன்னு இருக்கிற டைல்ஸ் மேல ஜன்னல் வெளிச்சம் பட்டு கண் கூசும், ஈரம் இருக்கிறதே தெரியாது, திரை போட்டு அந்த வெளிச்சத்தைக் குறைங்க. பார்க்கின்சன் இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், கதவு கிட்ட, இடுக்கான இடத்துல வரும்போது கால் தரைல ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும். அந்த இடத்துல தரைல பளிச்சுனு ஒரு கலர் டேப்பை, நடக்கிற திசைக்கு குறுக்கா ஏணிப்படி மாதிரி ஒரு அடி அளவுக்கு இடைவெளி விட்டு ஒட்டிப் பாருங்க, கோட்டைத் தாண்டணும்னு நினைச்சு கால் எடுத்து வைக்கும்போது பல பேருக்கு கால் வந்துடும். எல்லாருக்கும் வேலை செய்யும்னு இல்ல, ஆனா டேப் தானே, பிடிக்கலைன்னா உரிச்சுடலாம்.

ஸ்விட்ச் எல்லாம் தரைல இருந்து 48 இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாது, பிளக் பாயிண்ட் 15 இன்ச்சுக்கு கீழ இருக்கக்கூடாது, உக்காந்தபடி கை எட்டற எல்லை அதுதான். வயரிங் மாத்த முடியலைன்னா ஃபேன், லைட்டுக்கு ரிமோட் வச்சுடுங்க. கட்டில்ல இருந்து டாய்லெட் வரைக்கும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சு தானா எரியற சின்ன லைட் தாழ்வா வைங்க, ராத்திரி தடவறது நிக்கும். அப்புறம் போன். மேஜை மேல இருக்கிற போன் விழுந்து கிடக்கிறவங்களுக்கு எட்டாது. மொபைலை கழுத்துல மாட்டிக்க வைங்க, இல்ல தரைல படுத்த நிலைல எட்டற உயரத்துல ஒரு போனோ பெல் ஸ்விட்சோ ரெண்டு இடத்துல வைங்க.

பாத்ரூம்ல முதல்ல கதவைப் பாருங்க. உள்பக்கமா திறக்கிற கதவா இருந்தா, உள்ள விழுந்தவங்க உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துடும், வெளிய இருந்து நம்மால தள்ளவே முடியாது. வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி மாத்துங்க, தாழ்ப்பாள் வெளிய இருந்தும் திறக்கிற ரகமா இருக்கட்டும். மத்த எல்லாம் அப்புறம், இதை இந்த வாரமே பண்ணுங்க.

கிராப் பார், அதாவது பிடிச்சு எழ சுவத்துல அடிக்கிற கெட்டியான கம்பி, தரைல இருந்து 33ல இருந்து 36 இன்ச் உயரத்துல, டாய்லெட் பக்கத்துலயும் குளிக்கிற இடத்துலயும். சுவத்துக்கும் பாருக்கும் நடுவுல ஒன்றரை இன்ச் இடைவெளி போதும், அதிகமா விட்டா வழுக்கும்போது முழங்கை உள்ள மாட்டிக்கும். ஒரு ஆளோட முழு பாரமும் தாங்கணும், அதனால கெட்டியான சுவத்துல சரியான ஆங்கர் போட்டு அடிக்கணும், வெறும் டைல்ஸ்ல நிக்காது. துண்டு போடற கம்பியை கிராப் பாரா நினைச்சு பிடிக்கிறவங்க நிறைய, அது கையோட வந்துடும், அது இருக்கிற இடத்துலயே நிஜ பாரை போட்டுடுங்க. காத்தை உறிஞ்சி ஒட்டிக்கிற ரப்பர் கப் வச்ச பார் வேணவே வேணாம், நேத்து பிடிச்சது இன்னைக்கு கழண்டுடும். ஒரு பக்கம் பலம் இல்லாதவங்களுக்கு பலமான கைப் பக்கம் பார் வரணும். டாய்லெட் சீட் உயரம் 17ல இருந்து 19 இன்ச், தாழ்வா இருந்தா மேல மாட்டற உயர சீட் கிடைக்குது, அசையாம இறுக்கி மாட்டுங்க. குளிக்க ரப்பர் கால் வச்ச ஷவர் சேர், கைல பிடிக்கிற ஷவர், குழாய் 5 அடி நீளமாவது. சூடு தெரியாத கால் இருக்கிறவங்களுக்கு வெந்நீர் ரொம்ப ஆபத்து, வலியே இல்லாம வெந்து போயிடும், அதனால ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல போகாம வைங்க, வாஷ்பேசின் அடியில சுடுதண்ணி பைப் போனா அதைச் சுத்தி உறை போடுங்க, முட்டி படற இடம் அது. பேசின் அடியில 27 இன்ச் உயரத்துக்கு காலியா இருந்தா தான் வீல்சேரோட உள்ள போய் முகம் கழுவ முடியும்.

இதெல்லாம் சொன்னதும் எங்க வீட்டுலயே வந்த பேச்சு, வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்னு. ரொனால்ட் மேஸ்னு ஒரு அமெரிக்க ஆர்க்கிடெக்ட், 9 வயசுல போலியோ வந்து வீல்சேர்லயே வாழ்ந்தவர், காலேஜ்ல படிக்கும்போது பாத்ரூம் கதவுக்குள்ள அவர் சேர் நுழையாது. யூனிவர்சல் டிசைன்ங்கிற பேரையே கொண்டு வந்தவர் அவர்தான், ஊனமுற்றவங்களுக்குன்னு தனியா ஒண்ணு செய்யாம எல்லாருக்கும் உதவற மாதிரியே கட்டணும்னு. எங்க வீட்டுல அது உண்மைன்னு பார்த்துட்டேன், லீவர் பிடி போட்டது அப்பாவுக்காக, ரெண்டு கைலயும் சாமானோட வர்ற அம்மா தான் அதை முழங்கையால அதிகம் திறக்கிறாங்க.

பெட்ரூம்ல பெருசா ஒண்ணும் இல்ல. மெத்தையோட உயரம் வீல்சேர் சீட்டுக்கு சமமா இருக்கணும், மேலயும் வேணாம் கீழயும் வேணாம், அப்போ தான் பக்கவாட்டுல நகர்ந்து மாறிக்க முடியும். ஏறி இறங்கற பக்கம் 3 அடி இடம். கட்டில் அடியில பெட்டி அடைக்காதீங்க, ஃபுட்ரெஸ்ட் உள்ள போகணும், பின்னாடி ஆளைத் தூக்கற ஹாய்ஸ்ட் வாங்கினா அதோட கால் உள்ள போகவும் இடம் வேணும். துணி மாட்டற கம்பியை 48 இன்ச்சுக்கு கீழ இறக்குங்க, தானா சட்டை எடுத்துப் போட்டுக்கட்டும்.

கிச்சன்ல மொத்தமும் மாத்த வேண்டாம், ஒரே ஒரு இடத்துல 28ல இருந்து 34 இன்ச் உயரத்துக்குள்ள, அடியில முட்டி நுழையற மாதிரி ஒரு பலகை போட்டா உக்காந்தபடி வேலை பாக்கலாம். அடுப்போட குமிழ் முன்பக்கம் இருக்கணும், தீயைத் தாண்டி கை நீட்டற மாதிரி இருக்கவே கூடாது.

வாசப்படி இருந்தா ரேம்ப், அதாவது சக்கரம் ஏற சாய்வுப் பாதை. கணக்கு சுலபம், ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். 6 இன்ச் படின்னா 6 அடி, 18 இன்ச்னா 18 அடி. இடம் இல்லைன்னு 18 இன்ச் உயரத்துக்கு 6 அடில ரேம்ப் போட்டு வைக்கறதை பாத்திருக்கேன், அதுல ஏத்தவும் முடியாது, இறங்கும்போது பிடிக்கவும் முடியாது. கை பலம் குறைஞ்சவங்க தானா ஓட்டணும்னா இன்னும் சரிவு குறைச்சு ஒரு இன்ச்சுக்கு 16 இன்ச், இல்லைன்னா 20 இன்ச் நீளம் விடுங்க. 30 இன்ச் உயரம் ஏறினதும் நடுவுல 5 அடிக்கு சமதளம் வேணும். கதவு முன்னாடியும் அதே 5 அடி சமதளம், இல்லைன்னா ஒரு கை கதவைத் திறக்கும்போது சேர் பின்னாடி உருளும். ரெண்டு ஓரமும் சக்கரம் கீழ இறங்காம விளிம்பு, ரெண்டு பக்கமும் கைப்பிடி. ஆனா வாக்கர்லயோ செயற்கைக் கால்லயோ நடக்கிற சிலருக்கு ரேம்ப்பை விட தாழ்வான படியும் கைப்பிடியும் தான் சுலபம், கேட்டுட்டு கட்டுங்க. படிக்கு கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும், ஒரு பக்கம் கை கால் விழுந்தவங்க ஏறும்போது பிடிச்ச கைப்பிடி இறங்கும்போது பலமில்லாத பக்கத்துல இருக்கும். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது முடியாத கால் முதல்ல.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானா செஞ்சுக்க பழக்கிவிடற நிபுணர்) ஒருத்தரை வீட்டுக்கு கூப்பிட முடிஞ்சா துளை போடறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க. பார் எந்த உயரம், எந்தப் பக்கம்னு ஆளை உக்கார வச்சு எழ வச்சு பாத்து சொல்வாங்க. வியாதி நாளாக நாளாக கூடற மாதிரி இருந்தா அதையும் சொல்லுங்க, இன்னைக்கு வாக்கர்னாலும் கதவை வீல்சேர் அளவுக்கே போட்டுடலாம்.

எல்லாம் பண்ணி ஒரு மாசம் கழிச்சு சுவரோரமும் நிலையும் பாருங்க. கருப்பு கோடு, பெயிண்ட் பெயர்ந்த இடம் இருந்தா அங்க இன்னும் இடிக்குதுன்னு அர்த்தம். எங்க வீட்டுல பெட்ரூம் நிலையோட வலது பக்கம் தரைல இருந்து ஒரு அடி உயரத்துல வரிசையா கீறல் இருந்துச்சு. எதிர்ல இருந்த செருப்பு ஸ்டாண்டை ஒரு அடி தள்ளி வச்சோம், அப்பா இப்போ ஒரே திருப்புல வெளிய வந்துடறார்.